சிட்னிக்குப் பக்கத்தில் வுல்லங்காங்: படிக்கப் போகிறவன் எங்கே தங்குவது?

பருத்திப்பால்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்காரன். வுல்லங்காங் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு ஐ.டி. முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த பிப்ரவரியில் சேர வேண்டும். வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல் முறை.

அத்தை குடும்பம் சிட்னியில் பெண்டில் ஹில்லில் இருக்கிறது. "நம்ம வீடு இருக்கும்போது வெளியே எதுக்கு வாடகை கொடுக்கணும்" என்று மாமா சொல்கிறார். கன்சல்டன்சிக்காரரும் அதையேதான் சொல்கிறார். வுல்லங்காங் சிட்னியின் புறநகர் மாதிரி, ரயிலேறினால் போய்விடலாம், வாடகை மிச்சம், வேலையும் சிட்னியில் கிடைக்கும் என்கிறார். அம்மாவுக்கு இதில் ரொம்பத் திருப்தி.

வரைபடத்தில் பார்த்தால் பக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் அங்கே படித்த சீனியர் ஒருவர், "அப்படிச் செய்யாதே, விசா விஷயத்தில் அடிபடுவாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்புறம் பதிலே போடவில்லை. ஊர் எப்படி, தினமும் போய்வர முடியுமா, வேலை கிடைக்குமா, விசா விஷயம் என்ன? தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கெய்ராமலை:

தம்பி, உங்கள் கன்சல்டன்சிக்காரர் அந்த ரயிலில் ஒரு தடவையாவது போயிருக்கிறாரா என்று கேளுங்கள்.

சிட்னி சென்ட்ரலிலிருந்து வுல்லங்காங் எண்பது கிலோமீட்டருக்கு மேல். சவுத் கோஸ்ட் லைன் ரயிலில் ஒன்றரை மணி நேரம். வாட்டர்ஃபால் வரைக்கும் சாதாரண வேகம்தான், அதற்கப்புறம் ரயில் காட்டுக்குள் வளைந்து வளைந்து மலையிறங்கும். நூறாண்டுப் பழைய பாதை, அதில் வேகமாக ஓட்ட வழியில்லை. பெண்டில் ஹில்லோ சென்ட்ரலிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ரயில் மாறக் காத்திருக்கும் நேரத்தையும், ஸ்டேஷனிலிருந்து கேம்பஸுக்குப் போகும் நேரத்தையும் கூட்டினால் ஒரு வழிக்கே இரண்டரை மணிக்குக் குறையாது. தினமும் ஐந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்துவிட்டு எப்போது புரோகிராம் எழுதுவீர்கள்? வார இறுதியில் தண்டவாள வேலை என்று அடிக்கடி ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவார்கள், அன்றைக்கு இன்னும் மோசம்.

காசுக் கணக்கையும் பாருங்கள். இந்த மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓபல் அட்டையில், அதாவது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தட்டும் பயண அட்டையில், சலுகைக் கட்டணம் கிடையாது. நெரிசல் நேரத்தில் ஒரு வழிக்கே பத்து டாலருக்கு மேல். வாரத்துக்கு 50 டாலர் உச்சவரம்பு இருப்பதால் அதோடு தப்பிக்கலாம். ஆகவே கையிலிருந்து போகும் காசு பெரிய தொகை இல்லை. உடம்பும் நேரமும்தான் போகும்.

விசா விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் சீனியர் சொல்ல வந்தது இதுதான். குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் 2019 நவம்பரிலிருந்து வுல்லங்காங் 'ரீஜனல்' பகுதி. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் அந்தப் பட்டியலில் வராது. ரீஜனல் பகுதியில் குறைந்தது இரண்டு கல்வியாண்டு படித்தால் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கான புள்ளிக் கணக்கில் 5 புள்ளி கூடுதல். ஆனால் படித்தால் மட்டும் போதாது, அந்தக் காலத்தில் அங்கேயே குடியிருந்திருக்கவும் வேண்டும். பெண்டில் ஹில் முகவரியை வைத்துக்கொண்டு தினமும் வுல்லங்காங் போய்வந்தால் அந்த 5 புள்ளி கிடையாது. படிப்பு முடிந்து வாங்கும் 485 விசாவுக்கும் இதே கதை. ரீஜனல் பல்கலையில் படித்து, முதல் 485-இன்போது ரீஜனல் பகுதியில் இரண்டு ஆண்டு இருந்தால்தான் இரண்டாவது 485-ஆக இன்னும் ஓர் ஆண்டு கிடைக்கும்.

எல்லை எது என்பதைப் போஸ்ட்கோட் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வுல்லங்காங் 2500. ரயிலில் வரும்போது வழியில் இருக்கும் ஹெலன்ஸ்பர்க், 2508, அதுவும் உள்ளே. அதற்கு முந்தைய சதர்லாந்து வெளியே.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சரிபாருங்கள். இந்தப் பல்கலைக்கு சிட்னி நகரத்துக்குள் சர்க்குலர் கீ பக்கம் ஒரு கேம்பஸும், லிவர்பூலில் ஒரு கேம்பஸும் இருக்கின்றன. பட்டத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் அங்கே படித்தால் ரீஜனல் கணக்கில் வராது. உங்கள் சேர்க்கைச் சான்றில் எந்த கேம்பஸ் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். 'வுல்லங்காங் பல்கலை' என்று பெயரைப் பார்த்து வந்துவிட்டு, இங்கே வந்த பிறகுதான் லிவர்பூல் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பருத்திப்பால்:

பார்த்துவிட்டேன் அண்ணா, வுல்லங்காங் என்றுதான் இருக்கிறது. அப்பாடா. இந்தப் போஸ்ட்கோட் விவரத்தை யாருமே சொல்லவில்லை.

யாழ்தேவி:

தம்பி, நான் துங்காபியில் இருபது வருசத்துக்கு மேல இருக்கிறன். கெய்ராமலை சொன்ன புள்ளிக் கணக்கு எல்லாம் சரி, அதிலை பிழை சொல்ல மாட்டன். ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. பெடியள் தனியா வந்து இறங்கி முதல் மூண்டு நாலு மாசம் படுற பாடு இந்தப் புள்ளிக்குள்ள அடங்காது. சமைக்கத் தெரியாது, குளிருக்கு உடுப்பில்லை, வருத்தம் வந்தா ஆரிட்டைப் போறதெண்டு தெரியாது. மாமி வீடு எண்டால் ஒரு கோப்பை ரசமாவது கிடைக்கும்.

எங்கட ஆக்கள் செறிஞ்சு இருக்கிறது இந்தப் பக்கம்தான். பெண்டில் ஹில், வென்ற்வேத்வில், துங்காபி, ஹோம்புஷ். கடை, கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரம். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனால் ஊர்ச் சனத்தில பாதியைக் காணலாம். வுல்லங்காங்கில தமிழ்ச் சனம் இல்லையெண்டு சொல்லேல்லை, இருக்குது. ஆனா தேடிப் பிடிக்கோணும்.

நான் சொல்லுறது, வந்து முதல் ரெண்டு கிழமை மாமி வீட்டில நில்லுங்கோ. வங்கிக் கணக்கு, சிம், வரி எண் எல்லாம் எடுங்கோ. அங்கயிருந்தே போய் அறை பாருங்கோ. வகுப்புத் தொடங்க முதல் மாறிப் போங்கோ. பிறகு மாதத்தில ஒரு சனிக்கிழமை வந்து மாமியின்ர சாப்பாட்டைச் சாப்பிட்டிட்டு, ஃப்ரீசர் பெட்டியளில அடைச்சுக்கொண்டு போங்கோ. மாமாவுக்கும் மனம் நோகாது.

வெள்ளாற்றுக்காரி:

யாழ்தேவி சொல்வது அருமையான வழி. படம் பார்த்து ஆன்லைனில் அறையைப் பிடித்து, முன்பணம் அனுப்பிவிட்டு, வந்து பார்த்தால் அப்படி ஒரு வீடே இல்லை என்று நின்றவர்கள் இருக்கிறார்கள். நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

நான் இங்கே இரண்டாம் ஆண்டு. வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். பல்கலையின் சொந்த விடுதிகள் நாலைந்து உண்டு. கூலூபாங், வீரோனா, ஃபேரி மெடோவில் கேம்பஸ் ஈஸ்ட், இப்படி. வசதிதான், ஆனால் பர்ஸுக்கு வலிக்கும். எங்களைப் போன்றவர்கள் கெய்ராவில், க்வின்வில், ஃபேரி மெடோ பக்கம் தனி வீட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து இருக்கிறோம். வாடகை இங்கே மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்கு. தனி அறை வாரத்துக்கு 200 டாலருக்கும் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம், 250 பக்கம் எதிர்பாருங்கள். சிட்னியில் இதே காசுக்கு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

பாண்டு, அதாவது முன்பணம், சட்டப்படி நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பணம் வீட்டுக்காரர் பையில் இருக்கக் கூடாது, மாநில அரசின் பாண்டுக் கணக்கில் கட்ட வேண்டும். என்னுடைய முதல் வீட்டில், வீட்டைத் தன் பெயரில் எடுத்து எங்களுக்கு அறை விட்ட 'தலை'யாக இருந்தவர் எல்லோரிடமும் ரொக்கமாக வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது கார்ப்பெட் கறை, சுவர்க் கீறல் என்று கணக்கு எழுதிப் பாதியைப் பிடித்துக்கொண்டார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் யாருக்கும் துணை வாடகைக்காரராகப் போகாதீர்கள். எழுத்து இல்லையென்றால் சட்டத்தின் பாதுகாப்பே உங்களுக்கு ஒட்டாது.

நீங்கள் வரும்போது கோடை, வெயில் கொளுத்தும். "இதுதானா ஆஸ்திரேலியக் குளிர்" என்று நினைப்பீர்கள். ஜூனில் தெரியும். வெளியே பனியெல்லாம் கிடையாது, வீட்டுக்குள்தான் குளிர். பழைய பலகை வீடுகள், ஜன்னல் இடுக்கில் காற்று விசில் அடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மலைச்சரிவிலிருந்து ஒரு மேல்காற்று இறங்கும் பாருங்கள், குப்பைத் தொட்டியெல்லாம் தெருக்கோடிக்குப் போய்விடும். துணி காயப் போட்டால் பக்கத்து வீட்டில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

நல்ல விஷயமும் இருக்கிறது. காங் ஷட்டில் என்று ஒரு பஸ், முழுக்க இலவசம், அட்டையே தட்ட வேண்டாம். 55A ஒரு திசையில், 55C எதிர்த்திசையில் ஊரைச் சுற்றி வரும். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பல்கலை, கடற்கரைப் பக்கம் எல்லாம் தொடும். இந்த ஒரு பஸ்ஸை நம்பியே படிப்பை முடித்துவிடலாம்.

தென்கிழக்கு:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கொஞ்சம் எதிர்க்கட்சியாகவும் இருந்துவிடுகிறேன். நான் அங்கே படித்து முடித்து சிட்னிக்கு ஓடிவந்தவன்.

அழகான ஊர், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் ஒரு துண்டு நிலம். ஆனால் ஐ.டி. படித்தவனுக்கு அங்கே எத்தனை கம்பெனி இருக்கிறது? அது கரி வெட்டியும் இரும்பு உருக்கியும் வளர்ந்த ஊர். போர்ட் கெம்ப்லா எஃகு ஆலைதான் அதன் முதுகெலும்பு. ஆலை ஆட்களைக் குறைத்த பிறகு பல்கலையும் ஆஸ்பத்திரியும்தான் ஊரைத் தாங்குகின்றன. 2024 கடைசியிலிருந்து அந்தப் பல்கலையும் ஆசிரியர் பணியிடங்களைக் குறைக்க ஆரம்பித்தது. நர்ஸிங், ஆசிரியர் பயிற்சி, முதியோர் பராமரிப்பு, சில பொறியியல் துறைகள் என்றால் வேலை இருக்கிறது. மற்றவர்கள் காலை ஐந்து மணி சொச்சத்துக்கு ஸ்டேஷனில் தூங்கி வழிந்தபடி சிட்னி ரயிலுக்கு நிற்கிறார்கள். ஆயிரக்கணக்கான வுல்லங்காங்காரர்களின் வாழ்க்கை இதுதான்.

பகுதி நேர வேலையும் அப்படித்தான். பிப்ரவரியிலும் ஜூலையிலும் புது மாணவர்கள் வந்து இறங்கியதும் கிரவுன் தெருவில் ஒவ்வொரு கடையிலும் ரெஸ்யூமே கட்டுக்கட்டாகக் கிடக்கும். சிட்னியில் கடைகள் அதிகம், போட்டியும் அதிகம், ஆனாலும் எங்கேயாவது ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த 5 புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.டி.க்காரர்களுக்கு பி.ஆர். விண்ணப்பிக்க அழைப்பு வரும் புள்ளி எல்லை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? 5 வைத்து என்ன செய்வது? 5 புள்ளிக்காக இரண்டு ஆண்டு ஒரு சின்ன ஊரில் உட்காருவதை விட, நல்ல வேலையில் சேர்ந்து அனுபவப் புள்ளி எடுப்பது மேல்.

கெய்ராமலை:

தென்கிழக்கு சொன்னதில் வேலை விஷயம் உண்மை. புள்ளி விஷயத்தில் பாதிதான் உண்மை.

5 மட்டும் என்றால் சரி. ஆனால் ரீஜனல் பகுதியில் இருப்பவருக்கு 491 என்ற தற்காலிக ரீஜனல் விசாவுக்கு மாநிலப் பரிந்துரை கிடைத்தால் இன்னும் 15 வருகிறது. 5-உம் 15-உம் சேர்ந்தால் 20. அது சின்னக் கணக்கு இல்லை. அதே சமயம் 491 வாங்கினால் ரீஜனல் பகுதியில்தான் வாழவும் வேலை பார்க்கவும் வேண்டும், மூன்று ஆண்டு கழித்துத்தான் நிரந்தரம் கேட்க முடியும். வுல்லங்காங்கில் வீடு, சிட்னி ஆபீஸில் வேலை என்றால் அந்த நிபந்தனைக்கு ஒத்துவராது. இதைக் கணக்கில் எடுக்காமல் இருபது புள்ளி, இருபது புள்ளி என்று குதிக்கிறவர்களையும் பார்க்கிறேன். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. 2024 ஜூலையில் 485-க்கு வயது வரம்பையே 50-இலிருந்து 35-க்கு இறக்கிவிட்டார்கள். பி.ஆர். கிடைக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள்.

நான் பருத்திப்பாலுக்குச் சொல்ல வருவது எளிமையானது. வுல்லங்காங்கில் படிப்பதென்றால் வுல்லங்காங்கிலேயே இருங்கள். சிட்னிதான் வேண்டுமென்றால் சிட்னியிலேயே வேறு பல்கலை பாருங்கள், அதுவும் தப்பில்லை. இரண்டிலும் ஒரு கால் வைத்தால் புள்ளியும் போகும், தூக்கமும் போகும், நண்பர்களும் சேர மாட்டார்கள். வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனை யார் தங்கள் புராஜெக்ட் குழுவில் சேர்ப்பார்கள்?

கோவை அப்பா:

என் மகளுக்கு நர்ஸிங் படிப்புக்கு இதே பல்கலையில் கேட்டிருக்கிறோம். பெண் பிள்ளை இரவில் ஷிஃப்ட் முடித்து வர பயமில்லாமல் இருக்குமா? இதே பல்கலை குஜராத்தில் கிஃப்ட் சிட்டியில் ஒரு கிளை திறந்திருப்பதாகப் படித்தேன். செலவு மிச்சமாக அங்கேயே படிக்க வைக்கலாமா என்றும் யோசிக்கிறோம். துபாயிலும் கிளை உண்டாமே.

வெள்ளாற்றுக்காரி:

ஐயா, துபாய்க் கிளை 1993-இலிருந்து இருக்கிறது, கிஃப்ட் சிட்டி 2024-இல் வந்தது. கிஃப்ட் சிட்டியில் நிதி, கணினி சார்ந்த படிப்புகள்தான். நர்ஸிங்குக்கு அது ஆகாது. தவிர, இந்தியாவிலிருந்தே படித்தால் ஆஸ்திரேலியாவின் படிப்புக்குப் பிந்தைய விசாவுக்கும் வழியில்லை.

பாதுகாப்பு பற்றி. ஊர் சின்னது, பொதுவாக அமைதி. பல்கலைக்குள் காவலர்கள் உண்டு, இரவில் கூப்பிட்டால் வண்டி நிற்கும் இடம் வரை கூடவே நடந்து வருவார்கள். ஆனால் எட்டு மணிக்கு மேல் தெருவில் ஈ காக்கா இருக்காது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் பயம் கொடுப்பதே அந்த ஆளில்லாத தெருதான். வெள்ளி, சனி இரவில் கிரவுன் தெருவில் குடித்துவிட்டுச் சத்தம் போடுவார்கள், ஒதுங்கிப் போய்விடலாம். நர்ஸிங் பிள்ளைகளுக்கு மருத்துவமனைப் பயிற்சி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஷோல்ஹேவன் வரைக்கும்கூடப் போடுவார்கள், அதிகாலை ஷிஃப்டுக்குப் பஸ் இருக்காது. இரண்டாம் ஆண்டுக்குள் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடச் சொல்லுங்கள். முடிந்தால் ஊரிலேயே நன்றாக ஓட்டிப் பழகிவிட்டு வரட்டும்.

இன்னொன்று ஐயா, முதல் கொஞ்ச நாளுக்கு அழுதுகொண்டு போன் செய்வாள். "திரும்பி வந்துவிடு" என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்த வாரம் அதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசுவாள்.

பருத்திப்பால்:

வேலை பற்றி இன்னும் கொஞ்சம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? ஒரு சிட்னி ஹோட்டலில் மணிக்கு 15 டாலர் கொடுப்பார்கள், கையில் ரொக்கம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பரவாயில்லையா?

தென்கிழக்கு:

பரவாயில்லை இல்லை. 2025 ஜூலையிலிருந்து நாட்டின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 24.95 டாலர். விடுப்பு இல்லாத கேஷுவல் வேலை என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். ஆக 31 டாலருக்கு மேல் வர வேண்டிய இடத்தில் 15 கொடுக்கிறார் என்றால் உங்கள் உழைப்பில் பாதியை அவர் சாப்பிடுகிறார். நம்மாளு, நம்ம சாப்பாடு, "தம்பி, ஊர்க்காரன்தானே" என்று தோளில் கை போடுவார்கள். நானும் ஒரு இடத்தில் அப்படி உழைத்தேன், பெயர் வேண்டாம்.

வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அனுமதி, விடுமுறையில் வரம்பில்லை. ரொக்கம் கொடுக்கும் முதலாளி கூடுதல் நேரத்தையும் தள்ளிவிடுவார். அப்புறம் நீங்கள் சம்பளம் கேட்டால் "விசா விதியை மீறியது நீதானே" என்று மிரட்டுவார். கூலி விஷயத்தைக் கவனிக்கும் அரசின் ஃபேர் ஒர்க் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், தமிழிலேயே அவர்கள் தகவல் போட்டிருக்கிறார்கள்.

வுல்லங்காங்கில் சூப்பர்மார்க்கெட்டில் இரவு சரக்கு அடுக்கும் வேலை, முதியோர் இல்லம், சமையலறையில் பாத்திரம், இவைதான் சுலபமாகக் கிடைப்பவை. கிடைக்க ஒரு பருவம் ஆகலாம். அதுவரைக்கும் கையில் காசு இருக்கட்டும். விசாவுக்குக் காட்டிய சேமிப்புத் தொகையைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை இருந்தால், தயவுசெய்து வராதீர்கள்.

காற்றாடி:

விசா, வாடகை, கூலி எல்லாம் பேசிவிட்டீர்கள், கடலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கடலோர ஊருக்குத்தானே தம்பி போகிறார்?

முதலில் ரயில். சிட்னியிலிருந்து வரும்போது இடதுபக்கம் உட்காருங்கள். ஹெலன்ஸ்பர்க், ஆட்ஃபர்டு தாண்டியதும் கீழே கடல் விரியும். ஸ்டான்வெல் பார்க், கோல்கிளிஃப், ஸ்கார்பரோ என்று வரிசையாக மலைக்கும் அலைக்கும் நடுவே ரயில் ஒட்டிக்கொண்டு போகும். அதில் தினமும் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் தூங்குவதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894-இல் லாரன்ஸ் ஹார்க்ரேவ் என்ற பறத்தல் ஆராய்ச்சியாளர் பெட்டி வடிவக் காற்றாடிப் பட்டங்களைக் கட்டித் தன்னையே காற்றில் தூக்கிக் காட்டினார். ரைட் சகோதரர்களுக்கு முந்தைய கதை. மேலே பால்டு ஹில்லில் இன்றைக்கும் ஆட்கள் கிளைடரில் குதிக்கிறார்கள். என் பெயரும் அங்கிருந்துதான்.

இப்போது முக்கியமானது. நார்த் பீச்சில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும்தான் இறங்க வேண்டும். மெரினாவில் காலை நனைத்தவன், எனக்குக் கடல் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் இருண்டு தெரியும் இடம்தான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி உள்ளே ஓடும் தடம் அது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிவதால் தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தி மூச்சை வீணாக்காதீர்கள். மிதந்துகொண்டே கையைத் தூக்குங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்குப் பாறையைக் குடைந்து கட்டிய கடல்நீர்க் குளங்கள் ஊர் நெடுகிலும் உண்டு, காசு கிடையாது. அலையும் வரும், அடித்துக்கொண்டும் போகாது. அங்கே பழகுங்கள்.

மீன் பிடிக்கும் ஆசை இருந்தால் போர்ட் கெம்ப்லாவில் ஹில் 60 பாறைகளுக்கு மட்டும் போகாதீர்கள். பாறையில் நின்று தூண்டில் போட்டுப் பேரலையில் போனவர்கள் அங்கே நிறையப் பேர். இலவாரா ஏரிக்குப் போங்கள். கோடையில், நிலா இல்லாத ராத்திரியில், கையில் விளக்கும் வலையுமாக முழங்கால் தண்ணீரில் நடந்து இறால் பிடிக்கலாம். பொழுதுபோக்கு மீன்பிடி உரிமத்துக்கு ஒரு சின்னக் கட்டணம் கட்ட வேண்டும், ஆன்லைனில் முடிந்துவிடும். மடவை மீனும் மலிவாகக் கிடைக்கும். வெள்ளைக்காரர்கள் அதைத் தூண்டில் இரை என்று ஒதுக்குவார்கள், நமக்குப் புளிக்குழம்புக்கு அதை விட்டால் வேறென்ன வேண்டும்!

வெள்ளாற்றுக்காரி:

கோயில் கேட்காமல் விட்டீர்களே. ஹெலன்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது, 1985-இல் கும்பாபிஷேகம் ஆனது, முறைப்படி கோபுரம் வைத்த பெரிய கோயில். சிட்னித் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் இறங்கிவிடுவார்கள். அந்த இடம் வுல்லங்காங் மாநகர எல்லைக்குள் வருகிறது என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை. வார இறுதியில் கான்டீனில் தோசை கிடைக்கும். உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி மாணவர்களுக்கு அதுதான் பக்தி. ஸ்டேஷனிலிருந்து நடக்கத் தூரம், கார் வைத்திருக்கும் சீனியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெற்கே பெர்க்லியில் நான் டியன் என்ற பெரிய பௌத்தக் கோயிலும் உண்டு, சைவச் சாப்பாடு அங்கேயும் கிடைக்கும்.

மற்றபடி சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஊர் தூங்கிவிடும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மால் இருக்கிறது, சினிமா இருக்கிறது, வியாழன் சாயங்காலம் கிரவுன் தெருவில் சாப்பாட்டுக் கடைகள் போடுவார்கள். அவ்வளவுதான். கொண்டாட்டம் வேண்டுமென்றால் சிட்னி. வெள்ளி முதல் ஞாயிறு வரை எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்குப் பத்து டாலருக்குள்தான் ஓபல் பிடிக்கும். ஆகவே வாரம் முழுக்க இங்கே, எப்போதாவது ஒரு சனிக்கிழமை அங்கே. இதுதான் எங்கள் ஏற்பாடு.

பருத்திப்பால்:

அத்தையிடம் பேசிவிட்டேன். முதல் இரண்டு வாரம் அவர்கள் வீடு, அப்புறம் வுல்லங்காங். மாமாவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம், 5 புள்ளிக் கணக்கைச் சொன்னதும் "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். கன்சல்டன்சிக்காரரிடம் போஸ்ட்கோட் பற்றிக் கேட்டேன், "பார்த்துச் சொல்றேன்" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக இரண்டு சந்தேகம். அம்மா பருப்புப்பொடி, ஊறுகாய், நெய் முறுக்கு எல்லாம் கட்டிக் கொடுக்கப் போகிறார், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களா? அப்புறம், அத்தை வீட்டில் யாரும் ஏர்போர்ட்டுக்கு வர முடியாத நாளாகப் போய்விட்டால் ரயிலில் எப்படிப் போவது?

யாழ்தேவி:

விமானத்தில தர்ற அட்டையில சாப்பாட்டுச் சாமான் இருக்குதோ எண்டு கேட்டிருக்கும். 'ஓம்' எண்டு போடுங்கோ. சொல்லிப்போட்டுக் காட்டினால் ஆக மிஞ்சினால் ஒண்டு ரெண்டை எடுத்துக் குப்பையில போடுவாங்கள், அவ்வளவுதான். சொல்லாமல் பிடிபட்டால் பெரிய அபராதம், விசாவே பறிபோகலாம். கடையில பக்கெட் பண்ணி, என்ன சாமான் எண்டு ஆங்கிலத்தில எழுதியிருந்தா லேசு. பச்சைக் கறிவேப்பிலை, விதை, பழம் கொண்டு வரவே வேண்டாம். கறிவேப்பிலை மாமியின்ர வளவில நிக்கும், இஞ்ச எல்லார் வளவிலயும் நிக்குது.

கெய்ராமலை:

பெண்டில் ஹில் என்றால் விமான நிலைய ஸ்டேஷனிலேயே ரயில் ஏறி சென்ட்ரலில் மாறுங்கள். விமான நிலைய ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு மேல் தனியாக 17 டாலருக்கு மேல் நுழைவுக் கட்டணம் பிடிப்பார்கள், வயிற்றெரிச்சல்தான். அதைத் தவிர்க்க 420 பஸ்ஸில் ராக்டேல் போய் அங்கிருந்து ரயில் பிடிக்கிறவர்கள் உண்டு. பை ஒன்றுதான் என்றால் அப்படிச் செய்யலாம். நீங்கள் இரண்டு பெரிய பெட்டியும் அம்மாவின் முறுக்கும் தூக்கிக்கொண்டு வரப் போகிறீர்கள், பேசாமல் அந்த 17 டாலரைக் கொடுத்துவிடுங்கள். ஓபல் அட்டை வாங்க நிற்க வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும். பின்னாளில் வுல்லங்காங்கிலிருந்து விமான நிலையம் போவதென்றால் சென்ட்ரல் வரை வராமல் வோலி கிரீக்கில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள்.